செகெட் நகரத்து மீன்சாறும் ஒரு தட்டு இடியப்பமும்

ஷாண்டோர் போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய பழைய கூட்டாளி மிக்லோஷ்தான் தொலைபேசியில் சொன்னார். "செத்துப்போனான். கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை," என்றார். அழுகிறாரா, ஏசுகிறாரா என்று பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

நாட்டைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய இந்த ஒடாஹுஹுவில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன உங்களில் பலர் பக்கத்து வீட்டு ஷாண்டோரை அறிவீர்கள். வேலிக்கு மேலால் தலையை நீட்டி எந்த ஊர் என்று கேட்டிருப்பார். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் தன் ஊரைப் பற்றித் தொடங்கியிருப்பார். ஹங்கேரியில், டிஸா ஆற்றங்கரையில் உள்ள செகெட் என்ற பழைய நகரம். ரஷ்ய டாங்கிகள் நாட்டுக்குள் வந்தபோது வெளிக்கிட்டவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே தரம். ஆகவே அவர் சொன்னதை எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

என் மைத்துனன் லண்டன் போய்ச் சேர்ந்ததை நான் பெருமையாகச் சொன்ன அன்று, "லண்டனோ? எங்கட ஊரில அது ஒரு றோட்டு," என்றார். பொய்யில்லை. ஒருமுறை ஆறு பெருகி நகரத்தையே அழித்ததாம். திரும்பக் கட்டியபோது, உதவி செய்த நகரங்களின் பெயர்களை வட்டச்சாலைக்குத் துண்டுதுண்டாக வைத்தார்களாம். "பள்ளிக்கூடத்துக்குப் பாரிஸாலதான் நடந்து போறனான்," என்றார். அதற்குப் பிறகு வெளிநாட்டு உறவினர்களைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் செகெட்டின் மானம் இருந்தது மீன்சாற்றில். மீன் போட்டபின் அகப்பை படக்கூடாது. சட்டியைத்தான் அசைக்க வேண்டும். பாணைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நூடில்ஸ் போடுவது மகாபாவம். டானூப் கரை ஊர்க்காரரான மிக்லோஷுக்கோ நூடில்ஸ் இல்லாவிட்டால் அது சாறே இல்லை. இருவரும் இந்த நாட்டுக்கு ஒரே கப்பலில் வந்த கூட்டாளிகள். ஹங்கேரியர் பிக்னிக் ஒன்றில், ஷாண்டோர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் அவருடைய சட்டிக்குள் மிக்லோஷ் நூடில்ஸைக் கொட்டிவிட்டார். அதோடு பல வருடங்களாகப் பேச்சு இல்லை.

சென்ற வருடம் ஷாண்டோருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. "மிக்லோஷுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். "நூடில்ஸ்காரனுக்கு ஏன்?" என்றார். ஆனால் என்னைக் காணும்போதெல்லாம், "ஹென்டர்சன் பக்கம் போனனியோ?" என்று கேட்பார். மிக்லோஷ் இருப்பது நகரத்தின் மறுபக்கம், ஹென்டர்சனில்.

என் மனைவி மனோவுக்கு விளங்கிவிட்டது. "இஞ்சேருங்கோ, அந்த மனுசன் சாகிறதுக்கு முதல் கூட்டாளியைப் பாக்கவேணும். வாய்விட்டுக் கேக்கமாட்டார்," என்றாள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரையும் சாப்பாட்டுக்கு அழைத்தாள்.

இருவரும் எங்கள் குசினி வாசலில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனோ மீன்குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினாள். "அகப்பை போடேல்லை!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் மூச்சு விட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். மனோ இடியப்பத்தைத் தட்டில் வைத்து அதன்மேல் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்தாள். எங்களுக்கு அது எப்போதும் சாப்பிடும் சாப்பாடு, ஒருவருமே யோசிக்கவில்லை. மிக்லோஷ் தட்டை உற்றுப் பார்த்தார். "நூடில்ஸ்," என்றார், மெல்ல, பரவசத்தோடு. ஷாண்டோர் எழுந்து தொப்பியை எடுத்தார்.

"அண்ணை, இருங்கோ!" என்றாள் மனோ. "இது நூடில்ஸ் இல்லை, இடியப்பம். அரிசிமா. பிழிஞ்ச கை இன்னும் நோகுது."

ஷாண்டோர் கதவைப் பார்த்தார். மிக்லோஷைப் பார்த்தார். "புறம்பா அவிச்சதோ?"

"ஓம்."

"சட்டிக்குள்ள போடேல்லையே?"

"இல்லை."

"அரிசியைப் பற்றி எங்கட ஊரில சட்டம் இல்லை," என்று உட்கார்ந்து, இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். மிக்லோஷ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

மறுநாளிலிருந்து மிக்லோஷின் கார் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. இரண்டு பேரும் நூடில்ஸுக்காகப் போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். சாகக் கிடந்த ஒருவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் கண்டதில்லை.

அடக்கத்தன்று மிக்லோஷே சாறு காய்ச்சினார். நூடில்ஸ் போடவில்லை, பாண்தான். "வெண்டிட்டான். பாக்கத்தான் அவன் இல்லை," என்றார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் மிக்லோஷ் எங்கள் வீட்டுக்கு வருகிறார். உட்கார்ந்ததும் டானூப் கரைச் சாற்றின் பெருமையைத் தொடங்குவார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் அந்த மனிதர் ஒடிந்துபோவார். அதனால் ஷாண்டோர் விட்டுப்போன பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். டிஸா ஆற்றை ஒருநாளும் காணாத நான், "எங்கட செகெட்டில அப்பிடி இல்லை!" என்று மேசையில் அடித்துச் சொல்கிறேன்.