லீவு கேட்காத சர்க்கரைக்காரர்கள்

யார் ஏன் வேலைக்கு வரவில்லை என்று விசாரிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் பர்சனல் ஆபீசர். வங்காளத்தில், பாலிகஞ்சில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் பல வருஷமாக எனக்கு அந்த வேலை. எனக்கும் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

காலி நாற்காலி

அக்கவுண்ட்ஸில் இருக்கும் சுப்ரா-தியை எப்போது தேடினாலும் சீட்டில் காணோம் என்று புகார். (வங்காளியில் அக்காவுக்கு 'தி', அண்ணனுக்கு 'தாதா'.) கூப்பிட்டு விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, சர்க்கரையால் அடிக்கடி பாத்ரூம் போகவேண்டியிருக்கிறது என்றார். பெண்கள் பாத்ரூம் கீழ்த்தளத்தில்தான். படியேறி இறங்கப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, ஒருமுறை தலைசுற்றி விழப் பார்த்திருக்கிறார்.

மறுநாளே அவர் மேஜையைக் கீழே மாற்றினேன். போகும்போது கதவருகே நின்று மெதுவாகச் சொன்னார்: "யாராவது கேட்டா, நான் ஜன்னலோர சீட் கேட்டேன்னு சொல்லிடுங்க, தாதா."

பாதியில் நின்ற கிரேன்

ஒரு காலை ஷெட்டிலிருந்து கூச்சல். இரும்புக் குழாய்க் கட்டு அந்தரத்தில் தொங்குகிறது, கிரேன் அசையவில்லை. மேலே ஏறியவர்கள் ஆபரேட்டர் தபனைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, நாக்குக் குழறியது. "குடிச்சிட்டு வந்திருக்கான், சஸ்பெண்ட் பண்ணுங்க!" என்று ஃபோர்மேன் கத்தினார்.

சர்க்கரை இறங்கிப்போனால் வரும் அந்த வியர்வை எனக்குப் பழக்கம். கேன்டீனிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வரவழைத்து, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ரயில் வழியில் நின்றுவிட்டது. ஆபீஸ் வந்து சாப்பிடவேண்டியவர், சாப்பிடாமல் ஓடிப்போய் கிரேனில் ஏறியிருக்கிறார். டாக்டர் இனி கிரேன் கூடாது என்றுவிட்டார். ஸ்டோருக்கு மாற்றல் உத்தரவைக் கொடுத்தபோது, தபன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "லேட் மார்க் விழக்கூடாதுன்னுதான் ஓடினேன் சார். கீழே யார் தலையில விழுந்திருக்கும்னு நினைச்சா தூக்கமே வரலை."

புது ஷூ

பக்கத்து டாக்குரியாவிலிருந்து வரும் ராகவன் நம்ம தமிழ்நாட்டுக்காரர். லீவே எடுக்காதவர் என்று ஆபீஸில் பெயர். துர்கா பூஜைக்கு வாங்கிய புது ஷூ கடித்து, கால்விரலில் புண். நொண்டியபடியே வந்தார். "ஒண்ணுமில்லை சார், வலிக்கவே இல்லை" என்றார். சர்க்கரையில் கால் மரத்துப்போகும், வலிக்காததுதான் ஆபத்து என்று சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் அவர் மனைவி போன் செய்து அழுதார்: "சாக்ஸெல்லாம் ரத்தம் சார். அப்படியும் கிளம்பி வந்துட்டார்."

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலைக் காப்பாற்றினார்கள், விரலை முடியவில்லை. குளிர் தொடங்கியபிறகு ஊன்றுகோலுடன் வந்தவர், என் எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒருநாள் லீவு கேட்கக் கூச்சப்பட்டேன் சார், மாசக்கணக்கா எடுக்கவெச்சுடுத்து."

லீவு கேட்டு வந்த சர்க்கரைக்காரர்கள் எனக்கு ஒரு கையெழுத்தோடு முடிந்துபோனார்கள். கேட்காதவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடிக்க ஓடியிருக்கிறேன்.