அட்டைக் காலத்து மாத்திரை

அந்த வால்வை முதன்முதலில் பார்த்தபோது மேஸ்திரி சிரித்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் மேசை இழுப்பறையிலிருந்து மாதிரி ஒன்றை எடுத்து எங்கள் முன் வைத்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு கம்பி வலை. அதன் உள்ளே வெள்ளையாக மூன்று இதழ்கள். நெஞ்சைக் கிழிக்காமல், தொடை வழியே ஒரு குழாயைச் செலுத்தி, இதயத்துக்குள் கொண்டுபோய் இதை விரித்துவிடுவோம் என்றார். அந்த இதழ்கள் மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்விலிருந்து செய்தவை என்பதையும் மறைக்காமல் சொன்னார். மேஸ்திரி அதை உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப மாட்டுப் பொங்கலுக்கு என்னையுமில்லீங்க குளிப்பாட்டிப் பொட்டு வெக்கோணும்” என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். மேஸ்திரியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஏற்காட்டு மலையில், தலைச்சோலைப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்த ஆட்களைப் பதிவதும் கூலி போடுவதும் என் பாடு. அந்த ஆட்களை மலைச்சரிவில் வரிசையாக நிறுத்தி வேலை வாங்குவது மேஸ்திரியின் பாடு. வயதில் எனக்கு மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இருவரும் தினமும் எதற்காவது சண்டை பிடிப்போம். சாயங்காலம் அவர் வீட்டுக் காப்பியைக் குடிக்காமல் நான் வீடு திரும்பியதும் இல்லை. மற்ற எஸ்டேட்டுகளில் மேஸ்திரிகள் விசில் ஊதுவார்கள். இவருக்கு விசில் பிடிக்காது. மூடுபனியில் பக்கத்துச் செடி தெரியாத காலைகளில், பாறை வழுக்குகிறது, மேலே வராதீர்கள் என்று அவர் குரல் கொடுத்தால் அடுத்த சரிவு வரை கேட்கும். அந்தக் குரலை வைத்தே அவர் எங்கே நிற்கிறார், என்ன கோபத்தில் இருக்கிறார் என்று பழம் பறிக்கும் பெண்கள் சொல்லிவிடுவார்கள். எழுபதைத் தாண்டியும் எஸ்டேட் அவரை விடவில்லை, அவரும் எஸ்டேட்டை விடவில்லை.

அந்தக் குரல்தான் முதலில் குறைந்தது. பாதிப் பேச்சில் மூச்சுக்காக நிற்பார். பிறகு, ரோட்டிலிருந்து, எஸ்டேட் ஆட்களுக்கான லைன் வரிசையில் இருந்த அவர் வீட்டுக்கு ஏறும் மேட்டில் நின்று நின்று போனார். ஒருநாள் காப்பிச் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்ததும் நான் சேலத்துக்கு அழைத்துப் போனேன். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது என்றார்கள். அப்படியே விட்டால் அதிக காலம் தாங்காது. நுரையீரலும் மோசம் என்பதால் நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனையும் தாங்கமாட்டார். தொடை வழியாக வைப்பது ஒன்றுதான் வழி. செலவை எஸ்டேட் முதலாளி ஏற்றுக்கொண்டார். அதற்காக அவரைப் பற்றி நான் வழக்கமாகச் சொல்லும் குறைகளில் பாதியைக் குறைத்துக்கொண்டேன்.

வால்வு வைத்த மறுநாளே மேஸ்திரி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். வீடு திரும்பிய சில வாரங்களில் அந்த மேட்டை நிற்காமல் ஏறிவிட்டு, பின்னால் இளைத்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, ரைட்டருக்கும் ஒரு மாட்டு வால்வு சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதது வெளியே கேட்டது. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்காட்டில் ஏரிக்கரையை விட்டால் மேடு பள்ளமில்லாமல் நடக்க இடம் ஏது. அவர் தோட்டத்துக்குள் நடந்தார். நடந்தவர் சும்மா இருப்பாரா, வேலையும் பார்த்தார். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மேஸ்திரிக்கு இதயத் துடிப்பும் தாளம் தவறி ஓடியது. அதனால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரை. உயிருள்ளவரை ஒருநாளும் அதை விடக்கூடாது. அதை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தது அக்காதான்.

பிறகு மழை வந்தது. மழையோடு அட்டையும் வந்தது. மலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அட்டை ஒரு விஷயமே இல்லை. புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் கெண்டைக்காலில் சுற்றிக்கொள்வார்கள். அதையும் மீறிக் கடித்தால் சுண்ணாம்பைத் தடவி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போவார்கள். கடித்த இடம் யாருக்குமே கொஞ்ச நேரம் கசியும். மேஸ்திரிக்கு அது நிற்கவே இல்லை. காலையில் கடித்தது மதியச் சோறு வரை ஒழுகியது. காலில் சுற்றிய துணி சொதசொதவென்று நனைந்துபோகும். அவர் கால் வைத்த இடத்தைப் பார்த்துப் பெண்கள் பயந்தார்கள். அவர் மட்டும் கேலியை விடவில்லை. “இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டுத் தோட்டத்துக்குள்ள வந்தா, அட்டைக்கு மோர்ப்பந்தல் வெச்ச மாதிரி ஆவுதுங்க ரைட்டரே” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அக்காவால் சிரிக்க முடியவில்லை. ரத்தக்கறை படிந்த வேட்டியைத் தினமும் துவைத்தது அவர். பாயிலும் ரத்தம், வாசற்படியிலும் ரத்தம். அவ்வளவு பாடுபட்டு மீட்டுக்கொண்டு வந்த மனுஷனை அட்டைக்குக் கொடுப்பதா என்று பயந்தார். மழை விடுகிறவரை நிறுத்தினால் போதும் என்று நினைத்து, மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். மேஸ்திரி கேட்டபோது, மழைக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். அவரும் தலையாட்டிவிட்டார். அதற்குப் பதிலாகத் தோட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மலையில் எதையாவது நிறுத்த வேண்டும் என்று வந்தால், வேலையைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்துவோம். ரத்தம் வடிவதும் நின்றது. அக்காவுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

மழை முடியும்வரைகூட அந்த நிம்மதி இருக்கவில்லை. ஒரு காலையில் மேஸ்திரியின் வலது கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. என்ன ஆயிற்று என்று அக்கா கேட்க, பதில் சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த டப்பாவைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னார். இதயத்தில் கட்டிய ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துவிட்டது. உயிர் பிழைத்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

சில நாள் கழித்து அதே டாக்டர் கட்டிலருகே வந்தார். ஸ்கேனில் வால்வு அருமையாகத் திறந்து மூடுகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பிறகு, மாத்திரையை நிறுத்தியது யார் என்று கேட்டார். அதட்டவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் மேஸ்திரி நல்ல கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நான்தான், நான்தான் என்று மறுபடியும் தட்டினார். டாக்டர் புரிந்துகொண்டு, ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே ஐயா என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டார். மேஸ்திரி அவ்வளவு சிரமப்பட்டுத் தூக்கிய கையைப் பொய் என்று எப்படிச் சொல்வது.

மேஸ்திரி அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். பகலெல்லாம் வாசலில் நாற்காலி போட்டுத் தோட்டத்தைப் பார்த்து உட்கார்த்தி வைப்பார்கள். புதிய மேஸ்திரி விசில் ஊதுகிறவர். விசில் கேட்கும்போதெல்லாம் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் சாயங்காலம் போய் வழக்கம்போலச் சண்டை பிடிப்பேன், அவர் பங்கையும் நானே பேசி. சில சமயம் வாயின் ஒரு ஓரம் சிரிக்கும். பிறகு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது, போய்விட்டார். கடைசி வரை அந்த வால்வு ஒரு குறையும் வைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன மாதம், எங்கள் மலையிலேயே மஞ்சக்குட்டையிலிருக்கும் மேஸ்திரியின் உறவுக்காரர் ஒருவர் அதே டாக்டரிடம் வால்வு வைத்துக்கொண்டு வந்தார். மலையிலிருந்து வருகிற எல்லோரிடமும் டாக்டர் இப்போது அட்டையைப் பற்றிக் கேட்கிறாராம். கடித்த இடத்தில் ரத்தம் நிற்காவிட்டால் உடனே என்னிடம் வாருங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஏற்காட்டு மேஸ்திரி ஒருவர் யாரையும் கேட்காமல் தானாக நிறுத்தித்தான் கெட்டுப்போனார் என்று சொல்கிறாராம். நல்ல காரியம்தான். அந்தப் பேச்சால் யாரோ பிழைப்பார்கள். ஆனால் உறவுக்காரர் அதை அக்காவின் முன்னால் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அக்கா வெளியே போகும் புடவையைக் கட்டிக்கொண்டு என் வாசலில் நின்றார். சேலத்துக்குப் போக வேண்டும் என்றார்.

முதல் பஸ்ஸிலேயே சேலத்துக்கு இறங்கினோம். டாக்டர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியைக் காட்டினார். அக்கா உட்காராமல், “சாமி, மாத்திரைய அவரு நிறுத்தலீங்க. நான்தான் ஒளிச்சு வெச்சனுங்க” என்றார். டாக்டர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு ரத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும், அட்டை இருக்கிற மலை என்று நாங்களும் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றார். மனசாரத்தான் சொன்னார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

“எம்மேல தப்பில்லீன்னு சொல்ல வேண்டாமுங்க சாமி. இனி வாரவங்களுக்குச் சொல்றப்ப, அவரு நிறுத்தலீன்னு சொல்லிப்போடுங்க. ஊட்டுக்காரி நிறுத்திப்போட்டான்னு சொல்லுங்க.”