கயிறு இல்லாமல் வாங்கிய வண்டி

அந்த மொபெட் சீட்டில் முகத்தை வைத்தால் கொப்பரை வாசம் அடிக்கும். காய்ந்த தேங்காய், கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் வெயில்... பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் பல வருஷம் மூட்டை சுமந்த வண்டி. அம்மா எத்தனை முறை சோப்புப் போட்டுத் துடைத்தாலும் அந்த வாசம் போகவில்லை.

இலங்கையிலிருந்து நாங்கள் வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பொள்ளாச்சியைத் தாண்டி அகதிகள் முகாம். எனக்குப் பத்து வயது. வவுனியாவில் சொந்தமாகக் கடை வைத்திருந்த அப்பா, இங்கே பெயின்ட் அடிக்கப் போனார். வேலை ஒரு மூலை, முகாம் ஒரு மூலை. பஸ்ஸை விட்டால் சாயங்காலக் கணக்கெடுப்புக்கு வந்து சேர முடியாது. ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் இருக்கும்.

அதனால்தான் வண்டி. ஆனால் அது மட்டும் காரணமில்லை...

"இந்த நாட்டில ஒரு சாமான் எண்டாலும் என்ர பேரில இருக்கட்டும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தங்கமணி அக்காதான் அந்தக் களத்துக்காரர். அவர் வீட்டுக்கு அப்பா பெயின்ட் அடித்தார். மூலையில் நின்ற மொபெட்டை அப்பா அடிக்கடி பார்ப்பதைக் கவனித்து, அவரே கேட்டிருக்கிறார். "ஏனுங்க, வேணும்னா எடுத்துக்கறீங்களா? சும்மா நின்னு துருப்புடிக்குதுங்க."

வண்டி எடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். அப்பா பெயின்ட் கறை இல்லாத ஒரே சட்டையைப் போட்டிருந்தார். அக்கா ஹெட்லைட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு சாவியில் கோத்திருந்த பழைய சிவப்புக் கயிற்றை உருவிக்கொண்டு சாவியை மட்டும் நீட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்க. மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்க மாட்டோமுங்க. குடுத்தா லச்சுமி கூடவே போயிருவாளாமா."

"மாட்டுக்குச் சரி அக்கா... வண்டிக்குமோ?" என்று அப்பா சிரித்தார். இங்கே வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்தது பெயர் மாற்றம். ஆர்டிஓ ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட், எங்கள் முகாம் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இத வெச்சு மாத்த முடியாதுங்ணா. ஊர்க்காரங்க யாரு பேருலயாச்சும் போட்டுக்கோங்க."

"காசு குடுத்து வாங்கினது நான்தானே?"

"அதையெல்லாம் அவிங்க கேக்க மாட்டாங்ணா. அட்ரஸ் புரூப்தான் கேப்பாங்க."

கூட வந்திருந்த தங்கமணி அக்கா பதறிப்போனார். "அட, அது எம் பேருலயே கெடக்கட்டுமுங்க! நானென்ன திருப்பியா கேக்கப் போறேன்?" நிஜமாகவே தங்கமான மனுஷி. அப்பா சரியென்றார். முகாம் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் ஆர்சி புக்கில் யார் பெயர் இருந்தால் என்ன, முகாமில் அது எங்கள் வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகுமுன் அப்பா அதைக் குளிப்பாட்டுவார். எனக்கு முன்னால் வண்டிக்குக் குளியல் முடிந்துவிடும்!

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் என்னைப் பின்னால் உட்கார வைத்து வரும்போது போலீஸ் மறித்தது. ஆர்சியில் ஒரு பெண் பெயர். அப்பா கையில் முகாம் அட்டை.

"யாரு வண்டி?"

"என்ர வண்டிதான் சார்."

அவ்வளவுதான். அந்த இலங்கைப் பேச்சைக் கேட்டதும் அவர்கள் பார்வையே மாறிவிட்டது. திருட்டு வண்டியோ என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள். சேதி போய், தங்கமணி அக்கா தலையில் கொப்பரைத் தூசியோடு ஓடி வந்தார்.

"இது யாரு வண்டிங்கம்மா?"

அக்கா அப்பாவை ஒரு தடவை பார்த்தார். "எங்களுதுதானுங்க சார். இவரு எங்க களத்துல கூலிக்கு வர்றவருங்க. நாந்தான் குடுத்தனுப்புனேன்."

விற்றுவிட்டேன், பெயர் மாற்றவில்லை என்று சொல்லியிருந்தால் அன்று வண்டியும் போயிருக்கும், அப்பாவும் உள்ளே போயிருப்பார். அக்கா எங்களைக் காப்பாற்றினார். எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பா "ஓம் சார்" என்று தலையாட்டியதை நான் பார்த்தேனே... அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அக்கா அழுதுவிட்டார். "மனசுல வெச்சுக்காதீங்க, எனக்கு வேற வழி தெரியலீங்க."

"நீங்க இல்லாட்டி அக்கா..." என்று ஆரம்பித்த அப்பா, அதை முடிக்கவில்லை. கயிறு இன்னும் அக்கா கையில்தான் இருக்கிறது என்று அன்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அதன் பிறகு அப்பா அதை 'என்ர வண்டி' என்று சொன்னதேயில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குளியலும் நின்றது. கடைசியில் இன்ஜின் ஓய்ந்தபோது பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. வெயிலில் தள்ளிக்கொண்டே போய் அக்கா களத்தில் நிறுத்திவிட்டு வந்தார். "அடுத்த ஆளின்ர சாமான்" என்றார்.

இப்போது சிங்காநல்லூரில் வாடகை வீடு, எனக்கு ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. போன வருஷம் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். ஆதார், வாடகை ஒப்பந்தம் என்று நாயாய் அலைந்து என் பெயருக்கே மாற்றிவிட்டேன். ஆர்சி இப்போது புக் இல்லை, கார்டு. அதில் என் பெயர், அதன் கீழே அப்பா பெயர். அப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "நல்லது மகள்" என்றார். அவர் அழுவார் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன்.

போன வாரம் காலையில், வாசலில் நின்ற ஸ்கூட்டரை அப்பா ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். காரை வெளியே எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "ஏனுங்க, உங்க வண்டிங்களா?"

அப்பா சட்டென்று ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இல்லைத் தம்பி. ஓனர் இப்ப வந்திடுவா. நான் சும்மா தள்ளி விடுறன்."

ஹெல்மெட்டோடு மாடிப்படியில் நின்ற நான், பக்கத்து வீட்டுக்காரர் கார் போகும்வரை கீழே இறங்கவில்லை.