லேப்டாப்புக்குப் பெட்டி மாற்ற வந்தவர்

“…தறி அதே தறி தான்பா. பாவும் அதே பாவு. மேல இருக்கிற பெட்டிய மட்டும் மாத்தினா, நேத்து வரிக்கும் வெறும் கட்டம் நெய்ஞ்சிக்கினு இருந்த தறி இன்னிக்கு மயிலு நெய்யுது, அன்னம் நெய்யுது. நெய்யுதா இல்லியா? அப்போ இந்த லேப்டாப்புக்கு மட்டும் ஏன்பா முடியாதுன்ற?”

ஏகாம்பரம் அண்ணன் இப்படித்தான் என் கடைக்குள் வந்தார். முதல் நாள் போனில் அவருக்கு நான் ஒரே வார்த்தையில் “முடியாதுண்ணா” என்று சொல்லியிருந்தேன். அதற்கு மறுப்பை ஓரிக்கையிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். முன்பாதி ரோட்டுக்குப் போச்சு, பின்பாதி எனக்குக் கிடைத்தது.

அவர் தொழில் ஜக்கார்டு பெட்டி பொருத்துவது. தறிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று சொல்கிற பெட்டி அது. சேலையில் மயிலும் மாங்காயும் விழுவது அதன் தயவு. வேறு டிசைன் வேண்டுமென்றால் தறியை யாரும் உடைப்பதில்லை. பெட்டியையும் அதில் ஓடுகிற அட்டையையும் மாற்றுவார்கள். வாழ்நாள் முழுக்க அதையே செய்தவருக்கு, லேப்டாப்பில் கேம் ஓடவில்லை என்றால் என்ன தோன்றும்? பெட்டி சரியில்லை என்றுதான் தோன்றும்.

கையில் ஒரு பட்டுக்கடைப் பை. அதற்குள் சேலை வைக்கிற அட்டைப்பெட்டி. திறந்தால், கல்யாணச் சேலைக்குச் சுற்றுகிற மெல்லிய பேப்பருக்குள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு. டெஸ்க்டாப்பில் மாட்டுகிற வகை. ரெண்டு ஃபேன் வைத்தது, செங்கல் கனம்.

“இன்னாண்ணா இது?”

“பெட்டிப்பா. மெட்ராஸ் போயி எட்தாந்தேன். நீ மாட்டினா போதும்.”

“கடைக்காரரு லேப்டாப்பான்னு கேக்கலியா?”

“இன்னா மெஷினுன்னு கேட்டாரு. கம்ப்யூட்டருன்னேன். ஏன், லேப்டாப்பு கம்ப்யூட்டரு இல்லியா?”

பையிலிருந்து லேப்டாப்பையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். மூடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிய பழைய மெஷின். கார்டைத் தூக்கி அதன்மேல் வைத்துக் காட்டினேன்.

“ண்ணா, ஆட்டுக்குட்டி வயித்துல கன்னுக்குட்டிய வைக்கச் சொல்றீங்க.”

“வைக்க முடியாதுன்றதை உள்ள தொறந்து காட்டு. அப்போ நம்பறேன்.”

திறந்து காட்டியது

நான் பாலிடெக்னிக் படித்தவன் இல்லை. டிவி மெக்கானிக்காக இருந்து, கெட்டுப்போனதைத் திறந்து திறந்து கற்றுக்கொண்டவன். காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று பழமொழி. தறி மிதிக்கிறவர்களுக்காகச் சொன்னது. எனக்குக் கால் வேலை வரவில்லை, கையை ஆட்டிப் பிழைக்கிறேன். அதனால் யாராவது “தொறந்து காட்டு” என்றால் எனக்குக் கோபம் வராது. நானும் அப்படிக் கேட்டவன்தான்.

பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி மதர்போர்டைக் காட்டினேன். இப்போது சர்வீஸ் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும், ஏனென்றால் வாரம் தவறாமல் யாராவது வந்து கேட்கிற கேள்வி இது. பெரும்பாலான லேப்டாப்பில் கிராபிக்ஸுக்குத் தனி கார்டே கிடையாது; பிராசஸரின் உள்ளேயே இருக்கும். தனியாக இருந்தாலும் அந்த சிப்பை போர்டிலேயே சோல்டர் பண்ணியிருப்பார்கள். கழற்றி மாட்டுகிற மாதிரி வந்த மாடல்கள் அபூர்வம். வெளியே பெட்டி வைத்து ஒயர் போட்டு இணைக்கலாம், ஆனால் அதற்கென்று வேகமான போர்ட் மெஷினில் இருக்க வேண்டும். இதில் இல்லை. ஆக, கிராபிக்ஸை மாற்ற முடியுமா என்றால், முடியாது. பேச்சு அங்கே முடிந்தது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். சிப்பின் ஓரத்தை நகத்தால் தடவினார்.

“ஒட்டிட்டான்” என்றார்.

“ஒட்டிட்டாங்கண்ணா.”

“இப்டி ஒட்டினா அப்புறம் எப்டிப்பா மாத்தறது?”

“மாத்தக் கூடாதுன்னு தாண்ணா ஒட்டறாங்க. புதுசு வாங்கணும்ல.”

“எங்க தொழில்ல இப்டி ஒருத்தன் பண்ணியிருந்தா, நெசவாளி நூல் ஓட்டற நாடாக் கட்டையாலயே அடிச்சிருப்பான்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கார்டை மறுபடி அந்தப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றுகிற விதத்தைப் பார்த்துத்தான், நேற்றே போனில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

“ண்ணா, நீங்க எதுக்கு கேம் ஆடணும்?”

பேப்பரின் மடிப்பைச் சரி பண்ணிக்கொண்டே சொன்னார். அண்ணி தவறிப்போன பிறகு வீட்டில் அவரும் மகன் கார்த்தியும்தான். கார்த்தி இப்போது அயர்லாந்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. வாரத்தில் ஆறு நாள் உடம்பு முறிகிற வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு மூச்சு விட நேரம். அந்த நேரத்தில் ஊரில் கூடப் படித்த பிள்ளைகளோடு சேர்ந்து ஆன்லைனில் துப்பாக்கி கேம் ஆடுவான். ஒருத்தன் துபாய், ஒருத்தன் ஓசூர், ஒருத்தன் சென்னை, ஒருத்தன் இவன்.

“நான் போன் பண்ணுவேன். ‘அப்பா, கேம்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்’னுவான். கெட்ட புள்ள இல்லப்பா. மரியாதையா தான் சொல்லுவான். அப்புறம் தூங்கிப் பூடுவான். மறுபடி வேல. நானும் யோசன பண்ணேன். அவன் வெளில வர மாட்டான். நாம உள்ள பூடலாம்.”

“உங்களுக்கு ஆடத் தெரியுமாண்ணா?”

“ஆட இன்னா இருக்குது. கூட நிக்கிறேன். நாலு பேரு பேசிக்கினு இருப்பாங்க, கேட்டுக்கினு நிக்கிறேன். இது அவன் லேப்டாப்பு, அவன் பழைய ஐடி இதுலயே இருக்குது, தொறந்தா கூட்டத்துல சேத்துக்குவாங்கன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுச்சு. ஆனா அந்தப் பொண்ணு போன் நெட்டுல கேம தொறந்தா சிக்கிக்கினு நிக்குது. பெட்டி மாத்தணும் போலன்னு நெனச்சேன்.”

இதுதான் எனக்கு அந்த நாளில் விழுந்த குட்டு. கஸ்டமர் “முடியுமா” என்று கேட்டால் நாம் முடியும், முடியாது என்று சொல்லிவிடுகிறோம். எதுக்கு என்று கேட்பதில்லை. அவருக்கு வேண்டியது கிராபிக்ஸே இல்லை. குரல். அதற்கு எந்தக் கார்டும் தேவையில்லை. மைக்கும் நெட்டும் இருந்தால் போதும்.

கேம் எப்படியோ திறந்து நின்றால் சரி. அதற்கு வழி உண்டு. மெஷினில் ரேம் ஒன்றுதான் இருந்தது, பக்கத்து ஸ்லாட் காலி. இன்னொன்று ஜோடியாகப் போட்டால், தனி மெமரி இல்லாத கிராபிக்ஸுக்குக் கொஞ்சம் கால் நீட்ட இடம் கிடைக்கும். ஃபேனில் அடைத்திருந்த தூசியை எடுத்தேன், தெர்மல் பேஸ்ட் புதுசு வைத்தேன், டிரைவரை அப்டேட் பண்ணினேன். கேமில் எல்லா செட்டிங்கையும் அடிமட்டத்துக்கு இறக்கினேன். நிழல் போச்சு, புல் போச்சு, மரம் எல்லாம் குச்சியில் வரட்டியைக் குத்தி வைத்த மாதிரி ஆச்சு. ஆனால் ஓடியது.

“மூஞ்சியெல்லாம் மாவாட்டம் தான்ணா தெரியும்.”

“மூஞ்சி எனக்கு மனப்பாடம்பா” என்றார்.

கார்டைத் திருப்பிக் கொடுக்க அவர் தனியாக பஸ் ஏறி சென்னை போய்விட்டு வந்தது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை

வீட்டில் அவருக்கு நெட் இல்லை. என் கடைக்கே வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதான். ஆனால் எனக்கும் அன்றைக்குப் போக வேண்டிய இடம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தேன். அங்கே மத்தியானம், இங்கே சாயங்காலம். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

“என்ன சொல்லப் போறீங்கண்ணா?”

“கார்த்தி, அப்பாடா, அப்டின்னு சொல்லுவேன். வேற இன்னா இருக்குது.”

கேமைத் திறந்தேன். ஃபேன் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் திரையில் ஒரு அழைப்பு வந்தது. அவன் கூட்டாளிகளில் ஒருத்தன் அனுப்பியது. அண்ணனைப் பார்த்தேன், தலையாட்டினார், அழுத்தினேன்.

“டேய் கார்த்தி, உன் பழைய ஐடி உள்ள வந்துட்ச்சுடா!”

“போடா, அந்த லேப்டாப்பு வீட்ல தூங்கிக்கினு இருக்குது.”

“பாருடா, நிக்கிறான் பாரு.”

“ஆமாண்டா. யாரு ப்ரோ நீ? என் ஐடில இன்னா பண்ற?”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேசுங்க என்று கையைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மைக் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் தன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். என்னிடம் குனிந்து, காதோடு, “நாலு பசங்க முன்னாடி அவனுக்கு வெக்கமா பூடும்பா” என்றார்.

“மூச்சு விடற சத்தம் கேக்குதுடா.”

“பேயிடா.”

“பேயா இருந்தா ஆட்டத்துல இழுத்து உடு, பாப்போம்.”

ஆட்டம் ஆரம்பித்தது. நடப்பதற்கு எந்த பட்டன் என்று காட்டினேன். அண்ணன் அதை அழுத்தினார், விடவில்லை. திரையில் அவருடைய ஆள் நேராக நடந்து போய் ஒரு சுவரில் முட்டி, முட்டிய இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான்.

“எவன்டா இவன், செவுத்துல மோதிக்கினே நிக்கிறான்?”

“எங்கப்பா கூட இத விட நல்லா ஆடுவாரு” என்றான் கார்த்தி. நாலு பேரும் சிரித்தார்கள். அவன் சிரிப்புதான் பெரிசாகக் கேட்டது. அண்ணன் பொத்திய கைக்கு உள்ளேயே சிரித்தார். கண் திரையில் இல்லை, ஸ்பீக்கர் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கடை வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. “ஓரிக்க, ஓரிக்க, ஓரிக்கேய்!” என்று டிரைவர் ஆள் கூப்பிட்டார்.

லேப்டாப்பில் சிரிப்பு நின்றது.

“டேய், இப்போ இன்னா கேட்டுச்சு?”

“ஓரிக்கைன்னு கேட்டுச்சுடா. நம்ம ஊரு ஹேக்கருடா, ஆட்டோ ஓட்டிக்கினே ஹேக் பண்றான்!”

மற்றவர்கள் விழுந்து சிரித்தார்கள். கார்த்தி சிரிக்கவில்லை.

“இருங்கடா. அந்த லேப்டாப்பு எங்க வீட்ல தான் இருந்துச்சு. எவனோ எட்துக்கினு வந்துட்டான். வீட்ல அப்பா மட்டும் தான்டா இருக்காரு.”

குரல் மாறிவிட்டது. ஸ்பீக்கரில் நாற்காலி தள்ளுகிற சத்தம். அடுத்து அண்ணன் சட்டைப் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். கார்த்தி என்று பெயர் மின்னியது.

“அவனே கூப்புடுறான்” என்றார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. லேப்டாப்பிலிருந்து, வேறு யாருக்கோ சொல்கிற மாதிரி, மெதுவாக அவன் குரல் வந்தது. “எடுங்கப்பா. அப்பா, எடுங்க. ப்ளீஸ்பா, எடுங்க.”

ஏகாம்பரம் அண்ணன் போனை மேஜைமேல் வைத்தார். வாயிலிருந்து கையை எடுத்தார். லேப்டாப்பின் மேல் முகம் படுகிற அளவுக்குக் குனிந்து சொன்னார்:

“பயப்படாதபா. செவுத்துல மோதிக்கினு நிக்கிறது நான் தான்.”