குளிர் பார்க்கப் போன குற்றம்

நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஆறு மணிக்கு, மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம், நானும் மனைவி ரெஜினாவும். மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்டி வரைக்கும் ஓர் ஆளுக்கு எண்பது ரூபா. அங்கிருந்து நுவரெலியா நாற்பத்தெட்டு மைல். சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கோ, கடவுச்சீட்டு அலுவலுக்கோ, கண்டி தாண்டிக் கொழும்புக்குப் போய் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசவோ போகிறவர்கள். சும்மா போகிறவர்கள் நாங்கள் இருவரும்தான்.

நான் ஒரு பேக்கரியில் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச வராது. நத்தார் மாதம் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம். ஊருக்கெல்லாம் கேக் சுட்டுக் கொடுத்துவிட்டு, தலையில் மாவோடு பாலன் பிறப்பு நள்ளிரவுப் பூசைக்கு ஓடுவேன். கல்யாணம் முடித்த நாளில் இருந்து அப்படித்தான்.

ரெஜினாவின் தம்பியைத் தொண்ணூறாம் ஆண்டு சீருடைக்காரர் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். விடவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து ரெஜினா என்னிடம் எதையும் கேட்டதில்லை, ஒரு சட்டைத் துணிகூட. அந்த வருடம் ஐப்பசியில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “இஞ்சாருங்க, இந்த நத்தாருக்கு எங்கயாவது குளிரான இடத்துக்குப் போவமா?”

இதை நான் தட்டினால் இவள் இனிமேல் எதையும் கேட்கமாட்டாள் என்று தெரிந்தது. அடுத்த நாளே முதலாளியிடம் போய் நின்றேன். லீவு கேட்டேன். “நத்தாருக்கா? உனக்கு என்ன, விசரா?” என்றார். கேக் முழுவதையும் முன்கூட்டியே சுட்டுத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தலையை ஆட்டினார்.

குளிர் உடுப்புக்கு எங்கே போவது? மட்டக்களப்பில் யார் கம்பளிச் சட்டை வைத்திருக்கிறார்கள்? ஆனால் எங்களிடம் இரண்டு இருந்தன. அகதி முகாமில் இருந்தபோது, வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில், யாரோ வெளிநாட்டுக்காரர் அனுப்பிய பொதியில் பால்மா இல்லை, பாய் இல்லை, கம்பளிச் சட்டைகள் இருந்தன. வாங்கியவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் அவற்றைப் பேக்கரிக்குக் கொண்டுபோய், சூடான தட்டுப் பிடிக்கும் துணியாக வைத்திருந்தேன். ரெஜினா அவற்றை மூன்று தண்ணீர் மாற்றித் துவைத்துக் காயப்போட்டாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக் கணேசண்ணன் வேலிக்கு வந்தார்.

“என்னத்துக்குப் போறீங்க எண்டு ஆமிச் சென்றியில மறிச்சுக் கேட்டா என்ன சொல்லுவ?”

“குளிர் பாக்க எண்டுதான்.”

“குளிர் பாக்கவா! டேய், நம்மட ஊரான் குளிர் பாக்கப் போறான் எண்டா ஆர்ரா நம்புவான்? ஆஸ்பத்திரி எண்டு சொல்லு. இல்லாட்டிச் செத்தவீடு எண்டு சொல்லு. செத்தவீடுதான் திறம். ஒரு கேள்வியும் இல்லாம விட்டிருவான்.”

கொடியடியில் நின்ற ரெஜினா திரும்பினாள். “எங்கட வீட்டுல ஆரும் சாகல்ல, அண்ணே.”

அவர் வேலியை விட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

இனிப் பயணம். வாழைச்சேனை தாண்டும்போது ஒரு சாவடி, புனானையில் ஒன்று என்று, மழைக்குள் மூட்டை முடிச்சோடு எல்லோரையும் இறக்கி ஏற்றினார்கள். அது எங்களுக்குப் பழக்கம். வெலிக்கந்தைக்கு அப்பால் ஒரு சாவடியில்தான் ஒவ்வொருவரையும் நிறுத்தி, எங்கே, ஏன் என்று கேட்டார்கள். சின்ன வயதுச் சிப்பாய், சிங்களம் மட்டும் பேசினான். எங்கள் பின் ஆசனத்தில் வந்த ஏறாவூர்ப் புடவை வியாபாரி ஒருவர் நல்ல சிங்களம் பேசுவார். கேட்காமலே எல்லோருக்கும் அவர்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தக் கிழவிக்குக் கண், இவருக்கு நெஞ்சு வருத்தம், இந்தப் பெடியனுக்குப் பாஸ்போர்ட். நல்ல மனிதர். எங்கள் முறை வந்தபோது எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. செத்தவீட்டுக்குப் போகிறார்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார்.

சிப்பாய் ஏதோ கேட்டான். வியாபாரி என் காதருகே குனிந்தார். “மச்சான், ஆர் செத்த எண்டு கேக்கிறான். ஒரு பேர் சொல்லுங்க, கெதியா.”

நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் வாயில் வரக்கூடிய பெயர் ஒன்றே ஒன்றுதான்.

“ஒருத்தரும் சாகல்ல,” என்றாள் அவள்.

“ஐயோ தங்கச்சி, சும்மா ஒரு பேர்தானே! ஆரையாவது சொல்லுங்களன்!”

என் வாழ்நாளில் ஒரு சீருடைக்காரனிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேக்கரிக்கு மாவு கொண்டுவரும் லொறிக்காரரிடம் பொறுக்கிய சிங்களத்தில், மரணம் இல்லை, நத்தார், நுவரெலியா பார்க்கப் போகிறோம் என்றேன். குரல் நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டேன்.

சிப்பாய் முதலில் சிரித்தான். மட்டக்களப்பில் இருந்தா, பார்க்கவா என்று கேட்டான். பிறகு முகம் மாறியது. ஒருவர் சாவு என்கிறார், மற்றவர் சுற்றுலா என்கிறார். எங்களை ஓரமாக நிற்கச் சொன்னான். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. வியாபாரி எங்கள் பையை யன்னலால் கீழே இறக்கித் தந்துவிட்டு, “உங்களுக்கு மண்டை பழுது மச்சான்! பொய் சொன்னா வாய் வெந்தா போகும்?” என்று கத்தினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரில் ஒருவன் இன்னொருவனுக்குச் செய்யும் உதவியே அவனுக்காக ஒரு சாவையோ நோயையோ சொல்லிவிடுவது என்று ஆகிவிட்டதே, அதில்தான் எனக்குக் கோபம். கொழும்புக்காரன் மலைக்குப் போனால் விடுமுறை. நாங்கள் போனால் யாராவது செத்திருக்க வேண்டும்.

பைக்குள் ஒரு கேக் இருந்தது. ஊருக்கெல்லாம் சுட்டு முடித்த பிறகு, எங்களுக்கென்று நான் சுட்ட முதல் நத்தார் கேக். முந்திரிப்பருப்பும் பிளம்ஸ் வற்றலும் பூசணி அல்வாவும் போட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றித் தகரத்தில் வைத்திருந்தேன். கேக் வெந்துவிட்டதா என்று பார்க்க நாங்கள் ஈர்க்குச்சி விடுவோம், அதையும் நடுவில் ஒரே ஒரு தரம். சிப்பாய்கள், உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க, அரிசி மூட்டை குத்திச் சோதிக்கும் கம்பியை எடுத்தார்கள். உமியும் ஈரமும் ஒட்டிய கம்பி. மேலிருந்து கீழே, பக்கத்தில் இருந்து, மூலையில், திரும்ப நடுவில். குத்தியவன் கம்பியை முகர்ந்து பார்த்தான். பிளம்ஸ் வாசம்தான் வந்திருக்கும். மூடியைக்கூடத் தரவில்லை, நானே தேடி எடுத்து மூடினேன். இருபது வருடம் நெருப்பில் நின்ற எனக்கு, அந்த மழைக்குள் முகம் அப்படிக் கொதித்தது.

ரெஜினாவைப் பெண் சிப்பாய் ஒருத்தி ஓலைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனாள். வெளியே வரக் கனநேரம் எடுத்தது.

“என்ன கேட்டவள்?”

“அவளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். ஆள் செத்ததா இல்லையா எண்டு கேட்டாள். தெரியாது எண்டன்.” சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள், “உண்மையைத்தானே சொன்னன்?”

ஓம் என்றேன்.

மத்தியானம் கழிந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். எங்களைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், கையை விசிறிப் போகச் சொன்னார். ஏன் பிடித்தார்கள் என்று சொல்லவில்லை. ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. பின்னால் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே கண்டி போனோம். நுவரெலியா பஸ் போய்விட்டிருந்தது. நிலையத்து வாங்குப் பலகையிலேயே இருந்து, விடிந்ததும் முதல் பஸ் பிடித்தோம்.

றம்பொடை மலை ஏறும்போது மழை விட்டது. வளைவுக்கு வளைவு நீர்வீழ்ச்சி. சீவிவிட்ட தலைபோலத் தேயிலை. ரெஜினா யன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். “எங்கட வயல் வட்டை முழுக்கச் சேர்த்தாலும் இவ்வளவு பச்சை வராது என்ன?” என்றாள். தானாக அவ்வளவு நீளமாக அவள் பேசி எனக்கு ஞாபகம் இல்லை.

நுவரெலியாவில் இறங்கிய பிறகு இன்னொரு கூத்து. முதல் லொட்ஜில் அறை உண்டு என்றார்கள். அடையாள அட்டையில் மட்டக்களப்பு என்று கண்டதும் அறை இல்லை. இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவது லொட்ஜில் இருந்தவர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர், எங்கள் ஆள்தானே என்று நம்பிப் போனோம்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க ஊருன்னாப் பொலிஸ்ல பதியணும். ராத்திரி வந்து கதவத் தட்டுவாங்க. மத்த கெஸ்ட் எல்லாம் பயந்துருவாங்க.”

“நாங்கதான் பயப்படோணும், நீங்க ஏன் பயப்படுறீங்க?” என்றாள் ரெஜினா.

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். பிறகு, நாங்களே பொலிசுக்குப் போய்ப் பதிந்து வந்தால் பின்பக்க அறையைத் தருவதாகச் சொன்னார். ஒரு நாளைக்கு நானூற்றைம்பது ரூபா. முன்பக்க அறைக்கும் அதே விலைதான். பிற்பகல் முழுவதும் பொலிஸ் வாங்கில் போனது. அங்கேயும் ஏன் வந்தீர்கள். அங்கேயும் குளிர் பார்க்க. இந்தத் தடவை என் குரல் நடுங்கவில்லை. பல் மட்டும் நடுங்கியது, குளிரால்.

நத்தார் இரவுப் பூசை முடிந்து அறைக்கு வந்து கேக்கை வெட்டினோம். துளைகளின் ஓரத்தை எல்லாம் சுற்றி வெட்டி எறிந்த பிறகு ஆளுக்கு இரண்டு துண்டு மிஞ்சியது. லொட்ஜ்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள் ரெஜினா. எனக்குக் கொடுக்க மனமில்லை, ஆனால் அவள் கொடுத்தாள்.

நத்தார் அன்று வாவிக்கரையில் நடந்தோம். கொழும்புக் குடும்பங்கள் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கமராவோடு திரிந்த ஒருவர் வாவி பின்னால் தெரியப் படம் எடுத்துத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். காசும் விலாசமும் கொடுத்தோம். மட்டக்களப்பு என்றதும், “அங்க தபால் போகுமா?” என்று கேட்டார். நான் கூச்சத்தில் நேராக நின்றேன். படம் எடுக்கிற நேரத்தில் ரெஜினா எதற்கோ சிரித்துவிட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: ஆருக்குச் சுகமில்லை? ரெஜினா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னாள், குளிர் பார்க்கப் போனோம் என்று. பாதிப் பேர் நம்பவில்லை.

மாசியில் அந்தப் படம் வந்தது. உறையின் ஒரு பக்கத்தை, வழியில் சோதித்த யாரோ வெட்டித் திறந்து, பசை ஒழுக ஒழுகத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். படத்தில் வாவி இல்லை, அன்றைக்கு அவ்வளவு பனிப்புகார். வெள்ளைக்கு முன்னால், மரச்சட்டம்போல நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதனும், வாய் கொள்ளாமல் சிரிக்கும் ஒரு பெண்ணும்தான். உறையை வெட்டியவர் அதைத்தான் பார்த்திருப்பார். வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி, ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருப்பார். நன்றாகப் பார்த்திருக்கட்டும்.