தொட்டியில் கொட்டிய தீர்த்தம்

பெருமாள் தீர்த்தத்தைக் கைகழுவும் தொட்டியில் கொட்டியவன் நான். பயந்துபோயிருந்த ஒரு நோயாளியின் கண்ணெதிரே கொட்டினேன்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் அறுவைக்கு மயக்க ஊசி போடும் மருத்துவராக நெடுங்காலம் இருந்தேன். அந்த மாமி ஸ்ரீரங்கத்துக்காரர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, கோயிலுக்கு நடக்க முடியாமல் போயிருந்தது. முதலில் வலது முழங்காலை மாற்றுவது, அது ஆறியபின் இடது என்று ஏற்பாடு. அன்று விடியற்காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது அவர் கணவர் சின்ன வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"வெறும் வயிறுன்னு சொன்னேனே, காதுல விழலையா?"

"ஒரு சொட்டு தீர்த்தம்தான் டாக்டர். உள்ள போறதுக்கு முன்னாடி..."

"உள்ள பார்த்துக்கப் போறது நானா, உங்க பெருமாளா?"

கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டினேன். தரையில் சிந்தினால்கூட மிதிக்காமல், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் அவர்கள். சோப்பு நுரையோடு அது குழாயில் இறங்குவதை மாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவைக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. அப்போது ஒரு வாய் தண்ணீரால் கெடுதல் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் வார்டில் என்னைத் தவிர இன்னொருவரை அவர்கள் நம்பியது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டோம். மாமி விழித்தபடியே படுத்திருந்தார். கண்ணீர் காதோரம் வழிந்துகொண்டே இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் நன்றாக ஆறியது. ஆனால் இடது காலுக்கு அவர் வரவேயில்லை.

கணவர் மட்டும் ஒருநாள் வந்தார். "மாட்டேங்கறா டாக்டர். ஒரு காலை வெச்சுண்டு வாசல் வரைக்கும்தான் வரா. பெருமாளைச் சேவிக்கப் போய் எத்தனையோ நாளாச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"யாரு, தீர்த்தத்தைக் கொட்டினவரா? உக்காரச் சொல்லுங்கோ" என்றார் மாமி உள்ளிருந்து.

"தப்பு பண்ணிட்டேன் மாமி. இந்தத் தடவை மாமா தீர்த்தம் கொண்டு வரட்டும். நானே கூட நிக்கறேன்."

"நீங்களும் வாங்கிப்பேளா?"

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லையே."

"உங்க ஊசியில மட்டும் எனக்கு நம்பிக்கை இருந்துதா? முதுகைக் காட்டலையா நான்?"

வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டேன். மாமி வந்தார்.

அறுவையன்று காலையில் மாமிக்கு ஒரு சொட்டு விட்டபின் கணவர் என் பக்கம் திரும்பினார். நான் இடதுகைக்காரன். ஊசி பிடிக்கிற கையையே நீட்டிவிட்டேன்.

"ஐயோ, இத்தனை படிச்சவருக்கு எந்தக் கைன்னு தெரியலையே!" என்று மாமி சிரித்தார். சிஸ்டர்களும் சிரித்தார்கள். கையை மாற்றி வாங்கிக் குடித்தேன். துளசியும் பச்சைக் கற்பூரமும் மணத்தன. உள்ளே மாமி பாசுரத்தை முணுமுணுத்தபடி கிடந்தார். நாடித்துடிப்பு கடைசிவரை சீராக இருந்தது. அதில் தீர்த்தத்துக்கு எவ்வளவு பங்கு, அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அதன்பின் எங்கள் வார்டில் ஒரு கேள்வி வழக்கமாயிற்று. "உள்ள போறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று அறுவைக்கு முந்தைய மாலை சிஸ்டர் கேட்பார். பாலக்கரைக்காரர் ஒருவர் ஜெபமாலையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு வந்தார். துறையூர் விவசாயி ஒருவருக்குச் சாமி எதுவும் வேண்டாம். மனைவி கதவு வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்றார். நான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே அதைக் கேட்கிறார்கள். எத்தனையோ பேரைத் தூங்கவைத்து எழுப்பியிருக்கிறேன். ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள எனக்கு இந்த ஒரு கேள்விதான் உண்டு.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் மாமியைப் பார்த்தேன். கோயிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர், இன்னிக்கு எந்தக் கை?"

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, எனக்காக நிற்காமல் முன்னே போனார். அவரோடு சேர்ந்து போக நான்தான் நடையை எட்டிப் போட வேண்டியிருந்தது.