பஞ்சில் இல்லாத பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமான்னு பல வருசம் தயங்கினேன். வூட்டு மானம் போயிடுமேன்னு பயம். பேய், ஆவி, குறி கேக்கறது இதையெல்லாம் நம்புறவ இல்லைங்க நான். செட்டிகுளம் மலையில நிக்கிற முருகனை நம்பினேன், அப்புறம் எங்க வூட்டுக்காரரை.

எறையூர்ப் பக்கம் எங்களுக்குக் கரும்புக் காடு. எங்க மக காய்ச்சல்ல பொழைச்சு வந்தப்ப, மொட்டை போடுறதுக்குப் பதிலா வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்கு ரத்தம் குடுக்கறேன்னு அவர் நேந்துக்கிட்டார். பெரம்பலூர் போயி, முழங்கை மடிப்புல பஞ்சு வச்சு பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வருவார். "ரத்தம் குடுத்தவனுக்கு ஈரல் வறுவல் கிடையாதா புள்ள?"ம்பார். "விரத நாள்ல வாயைப் பாரு"ன்னு திட்டிட்டு மாதுளை உரிச்சுக் குடுப்பேன். அந்தக் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவேன்.

ஒரு உத்திரத்தன்னைக்கு, அவர் கிளம்பிப் போன பிறகு, நல்ல உச்சி வெயில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா வாசல்ல நின்னு தண்ணி கேட்டாங்க. டம்ளர்ல குடுத்தேன், குடிச்சாங்க. அப்புறம் அவங்க முழங்கை மடிப்பைத் திருப்பிக் காட்டினாங்க, அங்கயும் ஒரு பிளாஸ்திரி. பிளாஸ்திரி ஓரத்துல தெரிஞ்ச பஞ்சுல சிவப்பா ஒரு பொட்டு.

"உங்க வூட்டுக்காரர் பஞ்சுல இது இருக்குமாம்மா?"

யோசிச்சேன். முதல் வருசம் இருந்துச்சு. அப்புறம் ஒரு தடவைகூட இல்ல.

"அவர் ரத்தத்துல கல்லீரலைக் கெடுக்கற கிருமி இருக்கு, இனிமே குடுக்காதீங்க, வூட்டுலயும் டெஸ்ட் பண்ணிக்கங்கன்னு முதல் வருசமே அவர்கிட்ட சொல்லியாச்சே. முருகன் படத்துக்குப் பின்னாடி பாருங்க."

ஓடினேன். சாமி படத்துக்குப் பின்னாடி பிளாஸ்திரி சுருளும் பஞ்சும். திரும்பி வந்தா ஆளைக் காணோம்.

சாயங்காலம் அவர் வந்ததும் கையில இருந்த பிளாஸ்திரியைப் பிச்சேன். ஊசி குத்தின தடமே இல்ல.

"நீ கண்ணுல ஒத்திக்கிற கையாச்சே புள்ள, எப்படிச் சொல்லுவேன்?"னு அழுதார். "ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே, உனக்கு யாரு சொன்னா?"

டெஸ்ட் எடுத்ததுல மகளுக்கு ஒண்ணுமில்ல, தடுப்பூசி போட்டாச்சு. எனக்கு இருந்துச்சு. "அப்பவே ஊசி போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம்மா"ன்னாங்க டாக்டர். யாரையாச்சும் அனுப்பினீங்களான்னு ரத்த வங்கியில கேட்டா, "குடுத்தவங்களைத் தவிர வேற யாருகிட்டயும் சொல்லமாட்டோம், வூடு தேடியும் வரமாட்டோம்"னுட்டாங்க.

அவருக்குச் சோறு போடறேன். கையை மட்டும் தொடறதில்ல. படத்தைச் சுவரோட ஒட்டி ஆணி அடிச்சுட்டேன்.

படிக்கிறவங்க, நம்பாட்டியும் பரவாயில்ல, நாலு பேருக்குச் சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். டம்ளரை மட்டும் விட்டுடாதீங்க. அவங்க குடிச்சப்ப தொண்டை ஏறி இறங்கினதைப் பாத்தவ நான். திரும்பி வந்தப்ப, வாசப்படியில இருந்த டம்ளர்ல நான் ஊத்தின தண்ணி அப்படியே தளும்பிக்கிட்டு இருந்துச்சு.